கலப்பு வேறு, கலப்படம் வேறு!
பிரெஞ்சு நாட்டுச் சிவப்பு ஒயினும் பீர்மேட்டு டீத்தூளும்

பீர்மேடு: "கலப்பு" என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பது நம்மவர் வழக்கம். பாலில் தண்ணீர், மிளகில் பப்பாளி விதை, மிளகாய்த் தூளில் செங்கல் பொடி என்று நாள்தோறும் பட்டு அறிந்தவர்கள் வேறு எப்படி நினைப்பார்கள்? ஆனால் முறையாகக் கலந்ததாலேயே மதிப்புப் பெற்ற பொருள்களும் உலகில் உண்டு. பிரெஞ்சு நாட்டின் சிவப்பு ஒயின் அவற்றில் ஒன்று. பீர்மேட்டு மலைகளில் நம்மவர் கிள்ளும் கொழுந்திலிருந்து வரும் டீத்தூள் மற்றொன்று.

ஒயினைப் பற்றித் தோட்டத் தொழிலாளிக்கும் குமாஸ்தாவுக்கும் என்ன கவலை என்று கேட்கலாம். தேக்கடி, குமுளி, குட்டிக்கானம், வாகமண் என்று இந்த மலைப்பகுதி எங்கும் சுற்றுலா விடுதிகள் பெருகிவிட்டன. கொழுந்து கிள்ளிய குடும்பத்துப் பிள்ளைகள் பலர் இன்று அந்த விடுதிகளின் சமையலறையிலும் சாப்பாட்டுக் கூடத்திலும் வேலை பார்க்கிறார்கள். வெளிநாட்டு விருந்தாளி ஒருவர் சிவப்பு ஒயின் வாங்கி வைத்துக்கொண்டு, "இதற்கு உங்கள் ஊர்ச் சாப்பாட்டில் எது பொருந்தும்?" என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள்தான். குடித்துப் பார்த்துத்தான் இதைக் கற்க வேண்டும் என்பதில்லை. கட்டன் சாயாவின் ருசி அறிந்த நாக்கு இருந்தால் பாதிப் பாடம் ஏற்கெனவே தெரிந்தது போலத்தான்.

ஒரு புட்டிக்குள் மூன்று திராட்சை

கருந்திராட்சையை நசுக்கித் தோலோடும் விதையோடும் புளிக்க வைத்தால் கிடைப்பது சிவப்பு ஒயின். சாற்றுக்கு நிறம் மிகக் குறைவு. சிவப்பு முழுவதும் தோலிலிருந்து இறங்குகிறது. பழத்தில் உள்ள சர்க்கரையை ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர் சாராயமாக மாற்றுகிறது. பிறகு பீப்பாயிலோ தொட்டியிலோ பல மாதங்கள் ஊற வைக்கிறார்கள்.

பிரான்சின் தென்மேற்கே அட்லாண்டிக் கடலுக்கு அருகில் உள்ள போர்தோ பகுதி சிவப்பு ஒயினுக்குப் பெயர் போனது. அங்கே பெரும்பாலும் ஒரே இனத் திராட்சையில் ஒயின் செய்வதில்லை. காபர்னே சாவின்யோன், மெர்லோ, காபர்னே ஃபிராங் என்ற மூன்று இனங்கள் முக்கியமானவை. முதலாவது முறுக்கும் துவர்ப்பும் தரும். இரண்டாவது சதைப்பற்றான மென்மை தரும். மூன்றாவது மணம் தரும். ஒவ்வோர் இனத்தையும் தனித்தனியே புளிக்க வைத்து, பின்னர் ருசி பார்ப்பவர்கள் கூடி அமர்ந்து, எதில் எத்தனை பங்கு சேர்ப்பது என்று முடிவு செய்கிறார்கள். அந்த விகிதம் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

பிரான்சின் தெற்கே ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கில் கிரெனாஷ், சிரா, மூர்வேத்ர் என்ற இனங்களைக் கலக்கிறார்கள். அங்கே ஷாட்டோநெஃப் டு பாப் என்ற ஊரின் ஒயினுக்கு 13 திராட்சை இனங்கள் சட்டப்படி அனுமதிக்கப்பட்டவை என்றால் வியப்பாக இருக்கும்.

ஏன் இந்தச் சிரமம்? ருசி ஒரு காரணம். மற்றொன்று பயிர்ப் பாதுகாப்பு. மெர்லோ முன்னதாகத் துளிர்த்து முன்னதாகப் பழுக்கும். காபர்னே சாவின்யோன் பின்னதாக வரும். வசந்தகாலப் பனி ஒன்றைக் கருக்கினால் மற்றொன்று தப்பும். அறுவடை நேரத்து மழை ஒன்றைக் கெடுத்தால், அதற்கு முன்பே மற்றொன்று வீடு வந்து சேர்ந்திருக்கும். 1956ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்த கடும் பனியில் போர்தோ பகுதித் திராட்சைக் கொடிகள் பெருமளவு செத்துப் போயின. அப்படிப்பட்ட இடத்தில் எல்லாவற்றையும் ஒரே இனத்தில் பந்தயம் கட்ட எந்த விவசாயியும் துணிய மாட்டான்.

டீயிலும் இதே கணக்குத்தான்

பீர்மேட்டில் 1860களில் ஐரோப்பியர் முதலில் வைத்தது காப்பி. இலைநோய் வந்து காப்பியை அழித்த பிறகே மலைச்சரிவுகள் தேயிலைக்கு மாறின. இன்று இங்குள்ள ஆலைகளில் பெரும்பாலும் சிடிசி முறையில் தூள் தயாராகிறது. வாட்டிய கொழுந்தைப் பல் வைத்த இரட்டை உருளைகளுக்கு இடையே நசுக்கி, கிழித்து, சுருட்டும் முறை அது. 1930களில் அசாமில் உருவானது. பின்னர் காற்றுப் பட வைத்து நிறம் மாற்றி, உலர்த்தி, சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். 'டஸ்ட்' என்பதைக் குப்பை என்று எண்ணிவிடக் கூடாது. மிகச் சிறு மணியாகச் சலித்தெடுத்த தரத்துக்கு அது பெயர். சட்டென்று நிறம் இறங்குவதால் தென்னாட்டு டீக்கடைகளில் அதற்குத்தான் கிராக்கி.

மழைக்காலக் கொழுந்தின் ருசி ஒரு மாதிரி; பனிக்காலக் கொழுந்தின் ருசி வேறு மாதிரி. அசாம் தூளுக்குக் கட்டி அதிகம். நீலகிரித் தூளுக்கு மணம் அதிகம். ஆனால் கடையில் பொட்டலம் வாங்குகிறவர் ஜனவரியிலும் ஜூலையிலும் ஒரே ருசியை எதிர்பார்க்கிறார். ஆகவே பெரிய கம்பெனிகள் பல தோட்டத் தூள்களை ஏலத்தில் எடுத்துக் கலக்கின்றன. கொச்சியில் 1947 முதல் டீ ஏலம் நடந்து வருகிறது. பீர்மேட்டுத் தூளில் பெரும்பகுதி மலை இறங்கிப் போய்ச் சேருவது இப்படிப்பட்ட கலவைக்குத்தான்.

அங்கே ருசி பார்ப்பவர் வரிசையாகக் கிண்ணங்களை வைத்து, நூறு மில்லி நீருக்கு இரண்டு கிராம் தூள் என்ற அளவில் ஆறு நிமிடம் ஊறவிட்டு வடித்து, கரண்டியால் உறிஞ்சி நாக்கில் சுழற்றிவிட்டுத் துப்புவார். போர்தோவில் ஒயின் ருசி பார்ப்பவர் செய்வதும் இதேதான். அவரும் விழுங்குவதில்லை, துப்புகிறார்.

துவர்ப்பு சொல்லும் சாப்பாட்டுக் கணக்கு

இனி விருந்தாளியின் கேள்விக்கு வரலாம். எந்தச் சாப்பாடு பொருந்தும் என்பதற்கு அடிப்படை, நாக்கில் படும் துவர்ப்பு. வாழைப்பூ, நெல்லிக்காய், கொட்டைப்பாக்கு ஆகியவற்றில் நாம் அறிந்த அதே துவர்ப்புதான். திராட்சையின் தோலிலும் விதையிலும் உள்ள டானின் என்ற பொருளால் ஒயினுக்கு அது வருகிறது. உமிழ்நீரில் உள்ள புரதத்தை இந்தப் பொருள் பிடித்துக்கொள்வதால் வாய் வறண்டது போல் ஆகிறது. டீயிலும் இதே வகையைச் சேர்ந்த பொருள்கள் உண்டு. அதிக நேரம் கொதித்த கட்டன் சாயா நாக்கைப் பிடித்து இழுப்பதற்குக் காரணம் அதுவே.

அந்த டீயில் பாலை ஊற்றியதும் துவர்ப்பு அடங்கிவிடுகிறதல்லவா? பாலில் உள்ள புரதம் முந்திக்கொண்டு அந்தப் பொருளைப் பிடித்துவிடுவதால்தான். சிவப்பு ஒயினில் யாரும் பால் ஊற்றுவதில்லை. பாலுக்குப் பதிலாக இறைச்சி வருகிறது. இறைச்சியின் புரதமும் கொழுப்பும் அந்த வேலையைச் செய்கின்றன. போர்தோக்காரர்கள் ஆட்டிறைச்சியையும் நெருப்பில் வாட்டிய மாட்டிறைச்சியையும் ஒயினோடு சேர்ப்பதற்கும், ரோன் பகுதியில் மூலிகை தூவிய ஆட்டுத்தொடை மேசைக்கு வருவதற்கும் இதுவே காரணம். பாலாடைக் கட்டியும் பிரெஞ்சுக்காரர்கள் ஒயினோடு உண்ணும் பொருள். அது பால் சமாசாரமே.

இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் நம் அடுப்பிலிருந்தே பதில் எடுத்துக் கொடுக்கலாம்.

மிளகும் தேங்காய்ச் சில்லும் போட்டு வரட்டிய கேரளத்து மாட்டிறைச்சி, சிவப்பு ஒயினுக்கு நன்றாகப் பொருந்தும். மிளகு தூக்கலாக உள்ள மட்டன் சுக்கா, குட்டநாட்டு முறையில் செய்த வாத்து வறுவல், பன்றி இறைச்சி வரட்டல் ஆகியவையும் அப்படியே. மெர்லோ கூடுதலாக உள்ள மென்மையான போர்தோ ஒயின் என்றால், ஆப்பமும் தேங்காய்ப்பால் ஊற்றிய ஆட்டிறைச்சி இஷ்டுவும் சேரும். சைவம் கேட்பவருக்குச் சுட்ட கத்தரிக்காய், மிளகுக் காளான் வறுவல், தேங்காய் அரைத்த கருப்புக் கொண்டைக்கடலைக் கறி ஆகியவற்றைச் சொல்லலாம்.

மிளகைப் பற்றி இங்கே ஒரு சுவையான செய்தி உண்டு. ரோன் பகுதியின் சிரா திராட்சையில் செய்த ஒயினை முகர்ந்தவர்கள் அதில் மிளகு வாசம் வருவதாக நெடுங்காலமாகச் சொல்லி வந்தார்கள். வெறும் கற்பனை என்று சிலர் நினைத்ததுண்டு. 2008ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர்கள் அந்த வாசத்துக்குக் காரணமான பொருளைப் பிரித்தெடுத்துக் காட்டினார்கள். ரோட்டண்டோன் என்பது அதன் பெயர். நம் குருமிளகில் இருப்பதும் அதே பொருள்தான்! இடுக்கி மலை மிளகு போட்ட இறைச்சிக்கும் ரோன் ஒயினுக்கும் உள்ள பொருத்தம் வெறும் பேச்சல்ல. இரண்டிலும் ஒரே வாசனை இருக்கிறது.

பொருந்தாதவை எவை?

பொருந்தாதவற்றைத் தெரிந்து வைத்திருப்பது அதைவிட முக்கியம். காந்தாரி மிளகாய்ச் சம்மந்தியும் சிவப்பு ஒயினும் பகையாளிகள். சாராயம் மிளகாயின் எரிச்சலை ஏற்றிவிடும். துவர்ப்பு அதை மேலும் முரடாக்கும். புளி தூக்கலான குழம்பும் ரசமும் ஒயினின் ருசியை மூழ்கடித்துவிடும்.

கருவாடும் கூடாது. மீனும் பெரும்பாலும் சேராது. சிவப்பு ஒயினில் இரும்புச் சத்து அதிகமாக இருந்தால், மீனில் உள்ள கொழுப்போடு சேர்ந்து வாயில் கவிச்சை வீச்சம் உண்டாகிறது என்பதை 2009ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆராய்ச்சியாளர்கள் சோதனை செய்து கண்டார்கள். ஆகவே கப்பையும் மீன் கறியும் கேட்கும் விருந்தாளிக்குச் சிவப்பு ஒயின் வேண்டாம் என்று சொல்வது நல்லது.

இனிப்பும் சேராது. இதைச் சோதித்துப் பார்க்க ஒயின் தேவையில்லை. லட்டு தின்ற வாயில் டீ குடித்தால் எப்படி இருக்கும்? சர்க்கரை போட்ட டீயே சப்பென்று, கசப்பாகத் தெரியும். அதனால்தான் அனுபவப்பட்ட டீக்கடைக்காரர் பருப்பு வடையையும் மசால் போண்டாவையும் டீ கிளாசுக்குப் பக்கத்தில் நீட்டுகிறார். உப்பும் எண்ணெயும் துவர்ப்பை அடக்கும். இனிப்பு அதை எடுத்துக்காட்டும். வடைக்கும் டீக்கும் உள்ள உறவுதான் போர்தோ ஒயினுக்கும் ஆட்டிறைச்சிக்கும் உள்ள உறவு.

பரிமாறும் சூடும் கவனிக்க வேண்டிய ஒன்று. சிவப்பு ஒயினை 'அறை வெப்பத்தில்' தர வேண்டும் என்று புத்தகங்கள் சொல்லும். அந்த அறை, குளிர்நாட்டு அறை. 16 முதல் 18 டிகிரி வரை. கடல் மட்டத்துக்கு மேல் சுமார் மூவாயிரம் அடி உயரத்தில் உள்ள பீர்மேட்டின் மார்கழி இரவில் அந்த விதி சரியாக இருக்கும். கொச்சியிலோ பாலக்காட்டிலோ அப்படியே வைத்தால் ஒயினில் சாராய நெடிதான் தூக்கலாகத் தெரியும். அங்கே சிறிது நேரம் குளிர்பதனப் பெட்டியில் வைத்து எடுக்க வேண்டும்.

மலைக்குக் கீழே ஒரு திராட்சைச் சீமை

திராட்சைக்குப் பிரான்ஸ் வரை போவானேன்? குமுளியில் நின்று கிழக்கே பார்த்தால் தெரிவது கம்பம் பள்ளத்தாக்கு. பீர்மேடு தாலுகாவில் உள்ள பெரியாறு அணையின் நீர் 1895 முதல் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாக அங்கே இறங்குகிறது. அந்த நீர் பாயும் சீமையில் விளைவதுதான் கம்பம் பன்னீர் திராட்சை. தமிழ்நாட்டுக்கு இந்த இனத்தை 1832இல் கொண்டு வந்தவர் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார் என்று சொல்லப்படுகிறது. 2023ஆம் ஆண்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆண்டு முழுவதும் அறுவடை உண்டு என்பது இதன் தனிச்சிறப்பு.

இதில் ஒயின் செய்யலாமா என்றால், செய்யலாம். ஆனால் இது மஸ்கட் ஹாம்பர்க் என்ற இனம். முக்கியமாகத் தின்பதற்கு ஏற்ற பழம். பன்னீர் வாசம் தாராளம். நிறமும் துவர்ப்பும் குறைவு. தனியாகச் செய்தால் மணம் இருக்கும், முதுகெலும்பு இருக்காது. கலப்பின் தேவை இங்கேயும் தலைகாட்டுகிறது.

கேரளத்துக் கிறிஸ்தவ வீடுகளில் கிறிஸ்துமஸ் கேக்கோடு தருவதற்காகக் கருந்திராட்சை, சர்க்கரை, ஈஸ்ட், சிறிது கோதுமை, பட்டை, கிராம்பு போட்டுப் பரணியில் ஊற வைக்கும் பழக்கம் வெகுநாளாக உண்டு. நம்மவர் சிலரும் அண்டை வீட்டாரைப் பார்த்துச் செய்வதுண்டு. இதில் ஓர் எச்சரிக்கை தேவை. கொல்லம் ஆண்டு 1077இல், அதாவது 1902இல் வந்த அப்காரிச் சட்டம் கேரளத்தில் இன்றும் நடைமுறையில் இருக்கிறது. உரிமம் இல்லாமல் மது தயாரிப்பதற்கு அதன் 55ஆம் பிரிவின்படி பத்து ஆண்டு வரை சிறைத் தண்டனையும், ஒரு லட்ச ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. கிறிஸ்துமஸ் சமயத்தில் கலால் துறை இதை நினைவூட்டி எச்சரித்தும் இருக்கிறது. தேவாலயங்களில் பூசைக்கான ஒயின் கூட அரசு உரிமத்தின் பேரில்தான் தயாராகிறது. பழங்களிலிருந்து சிறிய அளவில் ஒயின் தயாரிக்க 2022இல் கேரள அரசு தனி விதிகள் கொண்டு வந்திருக்கிறது. அதற்கும் உரிமம் கட்டாயம். பக்கத்து வீட்டுக்காரர் செய்கிறார் என்பது வழக்கு வந்தால் சாக்காக நிற்காது. வெளியூரிலிருந்து வந்து பிழைப்பவர்கள் இதில் இரட்டிப்புக் கவனத்தோடு இருப்பது நல்லது.

ஒயின் இதயத்துக்கு நல்லது என்ற பேச்சும் ஊரில் உலவுகிறது. பாதுகாப்பான அளவு என்று எதையும் சொல்ல முடியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் தெளிவாகவே அறிவித்துவிட்டது. ஒயினைப் பற்றி அறிவது தொழில் அறிவு. குடிப்பது வேறு விஷயம்.

கலப்படத்தை எதிர்த்து எழுந்த ஐந்து லட்சம் பேர்

கலப்பைக் கலையாக வளர்த்த அதே பிரான்ஸ், கலப்படத்தால் ரத்தம் சிந்திய நாடும் ஆகும்.

1860களில் அமெரிக்காவிலிருந்து வந்த ஃபைலாக்சரா என்ற சிறு பூச்சி, வேரை உறிஞ்சித் திராட்சைத் தோட்டங்களை அழிக்கத் தொடங்கியது. இங்கே இலைநோயால் காப்பி போனது போல் அங்கே பூச்சியால் திராட்சை போயிற்று. அமெரிக்க வேர்க்கொடியில் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப் போட்ட பிறகே பயிர் மீண்டது. இடைக்காலத்தில் ஒயினுக்குத் தட்டுப்பாடு. காய்ந்த திராட்சையை ஊற வைத்தும், சர்க்கரையையும் தண்ணீரையும் சேர்த்தும் 'ஒயின்' செய்து விற்கும் கூட்டம் கிளம்பியது. பயிர் மீண்ட பிறகும் அந்தக் கூட்டம் ஓயவில்லை. அசல் ஒயினும் போலி ஒயினும் சந்தையில் குவிந்து விலை பாதாளத்துக்குப் போனது. தெற்கே லாங்குடாக் பகுதியில் விவசாயியும் கூலிக்காரரும் சேர்ந்து பட்டினி கிடந்தார்கள்.

1907 மார்ச் மாதம் ஆர்ஜெலியே என்ற சிற்றூரிலிருந்து 87 பேர் நியாயம் கேட்டுப் புறப்பட்டார்கள். மார்செலின் ஆல்பர் என்ற காப்பிக்கடைக்காரர் அவர்களுக்குத் தலைவர். அவரும் திராட்சை பயிரிட்டவர். வாரத்துக்கு வாரம் கூட்டம் பெருகியது. ஜூன் 9ஆம் தேதி மோன்பெலியே நகரில் ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்டோர் திரண்டார்கள். நார்போன் நகரில் ராணுவம் சுட்டதில் உயிர்ச்சேதம் ஏற்பட்டது. உள்ளூர்ப் பிள்ளைகள் நிறைந்த 17ஆம் காலாட்படை, தன் மக்கள் மீதான அடக்குமுறையைப் பொறுக்காமல் கலகம் செய்தது. கடைசியில் ஜூன் 29ஆம் தேதி, ஒயினில் தண்ணீரும் அளவு மீறிய சர்க்கரையும் சேர்ப்பதைத் தடுக்கும் சட்டம் வந்தது.

அதன் தொடர்ச்சியாக 1935இல் மற்றொரு சட்டம். எந்த ஊர் ஒயின், எந்த இனத் திராட்சை, ஏக்கருக்கு எவ்வளவு விளைச்சல் என்பதெல்லாம் ஊர்வாரியாக வரையறுக்கப்பட்டன. 13 இனங்களுக்கு அனுமதி என்று முன்பு சொன்ன ஷாட்டோநெஃப் டு பாப் ஊர், இந்த ஏற்பாட்டில் 1936இல் முதல் வரிசையிலேயே சேர்ந்தது. சட்டம் கலப்பைத் தடுக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 'கலக்கலாம், எதைக் கலக்கிறாய் என்பதை வெளியே சொல்ல வேண்டும், வெளியே சொல்ல முடியாத பொருளைச் சேர்க்கக் கூடாது' என்பதே அதன் சாரம். கலப்புக்கும் கலப்படத்துக்கும் நடுவே உள்ள கோடு அதுதான்.

பீர்மேட்டுக்கு இதில் என்ன?

டீத்தூளிலும் அந்தக் கோட்டைத் தாண்டுகிறவர்கள் உண்டு. கடைகளில் கொதித்துச் சக்கையான தூளை வாங்கி உலர்த்திச் சாயம் ஏற்றுவது, புளியங்கொட்டைத் தோல், முந்திரிக்கொட்டைத் தோல் போன்றவற்றைப் பொடித்துச் சேர்ப்பது, நிறம் கூட்டத் தார்ச்சாயம் கலப்பது ஆகியவை தெரிந்த வழிகள். ஆலையில் ஒதுக்கிய கழிவுத் தூள் சந்தைக்கு வராமல் தடுக்க 1959ஆம் ஆண்டே மத்திய அரசு தனி உத்தரவு பிறப்பித்தது. அதன்படி கழிவைக் குடிக்க முடியாதபடி மாற்றிய பிறகே வெளியே அனுப்ப வேண்டும். இன்று 2006ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்புச் சட்டமும் இருக்கிறது.

இதனால் நஷ்டம் குடிப்பவருக்கு மட்டும் அல்ல. கலப்படக்காரர் விற்கும் ஒவ்வொரு கிலோவும் நல்ல தூள் ஒரு கிலோவின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஏலத்தில் விலை இறங்குகிறது. விலை இறங்கினால் அடி விழுவது சிறு விவசாயியின் பச்சைக் கொழுந்துக்கும் தொழிலாளியின் கூலிக்கும்தான். 1990களின் கடைசியில் டீ விலை சரிந்தபோது என்ன நடந்தது என்பதைப் பீர்மேடு மறக்கவில்லை. 2000ஆம் ஆண்டை ஒட்டி இந்தத் தாலுகாவில் பல தோட்டங்கள் மூடப்பட்டன. கூலி பாக்கி, கிராஜுவிட்டி பாக்கி என்று லயங்களில் குடும்பங்கள் பல ஆண்டுகள் தவித்தன. பலர் தேனிக்கும் திருப்பூருக்கும் பிழைக்கப் போனார்கள். அந்தச் சரிவுக்கு ஏற்றுமதி குறைந்தது முதல் வேறு பல காரணங்கள் உண்டு. கலப்படத்தை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் ஏற்கெனவே மெலிந்த சந்தையில் போலிச் சரக்கும் சேர்ந்தால் தாங்குமா என்பதற்கு 1907இன் பிரான்ஸ் சாட்சி.

இன்னொரு வேற்றுமையும் மனதை உறுத்துகிறது. போர்தோ ஒயின் பல திராட்சைகளின் கலவையானாலும், புட்டியின் மேல் ஊரின் பெயர் இருக்கிறது; பெரும்பாலும் தோட்டத்தின் பெயரும் இருக்கிறது. நம் நாட்டில் டார்ஜிலிங் டீ 2004இல் முதல் புவிசார் குறியீடு பெற்று அந்த உரிமையை நிலைநாட்டிக்கொண்டது. பீர்மேட்டுத் தூளோ கலவைக்குள் போனதும் பெயர் இழந்துவிடுகிறது. கடையில் பொட்டலம் வாங்குகிறவருக்கு அது எந்த மலையில், யார் கிள்ளிய கொழுந்து என்பது தெரிவதில்லை. மலையேறி வரும் சுற்றுலாப் பயணிகளுக்குத் தோட்டப் பெயரோடு தூள் விற்கும் கடைகள் இருப்பது ஒரு தொடக்கம். விடுதிகளின் உணவுப் பட்டியலில் வெறும் 'டீ' என்று போடாமல், அது எந்தத் தோட்டத்து டீ என்று போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம்

கலப்படத்தைக் கண்டுபிடிக்க உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் எளிய முறைகள் உண்டு. வடிதாள் ஒன்றின் மேல் டீத்தூளைச் சிறிது பரப்பி, தண்ணீர் தெளித்துத் தாளை நனைக்க வேண்டும். பிறகு தூளை அகற்றி, தாளைக் குழாய்த் தண்ணீரில் கழுவிவிட்டு வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். சுத்தமான தூளானால் கறை படியாது அல்லது மிக இலேசாகவே படியும். சாயம் ஏற்றிய தூளானால் பழுப்புக் கறை பளிச்சென்று தெரியும். மற்றொன்று காந்தச் சோதனை. தூளின் மேல் காந்தத்தை நகர்த்தினால், இரும்புத் தூள் கலந்திருப்பின் அது ஒட்டிக்கொள்ளும். சந்தேகம் உறுதியானால் அந்தந்தப் பகுதி உணவுப் பாதுகாப்பு அதிகாரியிடம் புகார் செய்யலாம். புகார் எழுதுவதற்கு வாங்கிய பொட்டலத்தையும் ரசீதையும் பத்திரப்படுத்தி வைப்பது அவசியம்.

இந்தச் சோதனைகளுக்கும் முந்திய சோதனை ஒன்று நம்மவர் கையில் இருக்கிறது. வாட்டும் கொட்டகையின் பச்சை வாசம் முதல் சலித்த தூளின் நிறம் வரை ஆண்டுக்கணக்கில் பார்த்துப் பழகியவர்கள் தோட்டத் தொழிலாளர்கள். நல்ல தூள் கொதித்தால் என்ன நிறம் வரும், என்ன மணம் வரும் என்பதை அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. கடை டீ அந்த நிறத்திலும் மணத்திலும் மாறுபட்டால் முதலில் கண்டுபிடிக்கக் கூடியவர்களும் அவர்களே. கண்டுபிடித்தும் "நமக்கென்ன" என்று கிளாசைக் கீழே வைத்துவிட்டுப் போகாமல், கடைக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்பது அவர்கள் கிள்ளும் கொழுந்தின் விலைக்கே நல்லது.